கொட்டாஞ்சேனையில் ஒரு துப்பறியும் ஆட்டம்

துப்பறியும் நாவல் எழுதுகிறவனை யாரும் வெளிநாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. கவிஞர்களைக் கூப்பிடுவார்கள், பட்டிமன்றப் பேச்சாளர்களைக் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களை இருபது வருடங்களுக்கு மேலாக எழுதி வருகிறேன். எனக்குக் கிடைத்த அதிகபட்ச வெளியூர் அழைப்பு திண்டுக்கல்தான். அதனால், கொழும்பிலிருந்து யோகன் என்பவர் தொலைபேசியில் அழைத்து, "எங்கட கூடலுக்கு நீங்கள் ஒருக்கா வரவேணும்" என்றபோது, வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்றுதான் முதலில் எண்ணினேன்.

விளையாட்டுக்காரர்களும் பேய்க்கதை, துப்பறியும் கதை, அறிவியல் கதை எழுதுகிறவர்களும் இரண்டு நாள் ஒரே மண்டபத்தில் கூடுகிறார்களாம். மேசை ஆட்டங்கள் ஒரு பக்கம், கருத்தரங்குகள் ஒரு பக்கம். மூன்று மொழிகளிலும் நடக்கும். தமிழ் அறைக்கு யோகன் பொறுப்பு. என் அமர்வுக்கு ஒரு தலைப்பு அனுப்பச் சொன்னார். திருச்சியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து அரை நிமிடத்தில் அனுப்பினேன்: 'காணாமல் போனவரைக் கண்டுபிடிப்பது எப்படி?' யோகன் "கிடைத்தது, நன்றி" என்று மட்டும் பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கினேன். காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் திருச்சி தில்லைநகரை நினைவூட்டின. ஆனால் எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் கடல் நின்றது. தில்லைநகரில் அந்த இடத்தில் வேறொரு ஜவுளிக் கடை இருக்கும். யோகனின் வீடு அப்படியொரு ஒழுங்கையில், நாலாவது மாடி. கீழே தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். நம் இடியப்பத்தை ஆள் மாற்றி நிறுத்தியதுபோல் சிறிய வட்டங்களாக இருந்தது. நான் பன்னிரண்டு தின்றேன். "காணாது, இன்னும் வையுங்கோ" என்றது ஒரு குரல். இரண்டாவது மாடியில் குடியிருக்கும் வாசுகி. வங்கியில் கிளை மேலாளர், தனியாக இருப்பவர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். என்னைப் பார்க்கவே மேலே வந்திருந்தார்.

"உங்கட நாவல் கிடைச்சதெல்லாம் வாசிச்சிருக்கிறன். சிலது மூண்டு தரம்" என்றார்.

என் மனைவிகூட ஒரு தரத்துக்கு மேல் வாசித்ததில்லை. இன்னும் இரண்டு இடியப்பம் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். புறக்கோட்டையைத் தாண்டியதும் தெருக்கள் குறுகி மேலே ஏறின. ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு மீன் கடை, மறுபடி ஒரு கோயில். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வீடுகளின் தலைக்கு மேல் தெரிந்தன. கூடல் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையின் காகிதப் பூக்களை யாரும் அகற்றவில்லை. அதன் கீழே நீளத் தாடி ஒட்டிய ஒரு மந்திரவாதி, தாடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சனிக்கிழமை அசைவம் கிடையாது. தின்பண்ட மேசையில் "மரக்கறி ரொட்டி" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, கறி என்கிற சொல்லுக்கு அஞ்சி விலகிப் போனேன். இங்கே மரக்கறி என்றால் காய்கறி என்று பிற்பகலில்தான் தெரிந்தது. அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.

முதல் அமர்வு சிங்களத்தில். நிமல் என்கிற பேய்க்கதை எழுத்தாளர் பேசினார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். பக்கத்திலிருந்த ரிஸ்னா என்கிற இளம் வழக்கறிஞர் எனக்குக் காதோடு தமிழில் சொன்னார். தட்டுப்பாட்டுக் காலத்தில் மின்சாரம் மணிக்கணக்காக நின்றபோது தன் கதைகளை யாருமே வாங்கவில்லை என்றாராம் நிமல். "இருட்டுக்குள்ள இருந்துகொண்டு இருட்டைப் பத்தி ஏன் படிக்கிறது என்டு கேட்டாங்களாம். வெளிச்சம் வந்த பொறகுதான் பேய்க்கு மார்க்கெட் வந்தீக்கி என்டு செல்றார்." அறை முழுவதும் சிரித்தது. நிமல் சிரிக்கவில்லை.

அடுத்தது, மேசை ஆட்டங்களின் விதிப்புத்தகங்களைத் தமிழாக்குவது பற்றிய கருத்தரங்கு. நான் பார்த்த இலக்கியக் கூட்டங்களில் இவ்வளவு ஆவேசம் இருந்ததில்லை. ஒருவர் காய் நகர்த்தி முடித்து அடுத்தவர் ஆட வேண்டும், அதற்கு என்ன சொல்? "முறை" என்றார் யோகன். "தரம்" என்றார் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். ஹட்டனிலிருந்து வந்த ஆசிரியை "வாய்ப்பு" என்றார். என்னைக் கேட்டார்கள். நான் "சான்ஸ்" என்றேன், மூவரும் ஒற்றுமையாக என்னை முறைத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஆசிரியை, "மேசையில உக்காந்தா நாம என்னதான் சொல்றோம்?" என்று கேட்டார். எல்லாரும் யோசித்தார்கள். "நீங்க போடுங்க" என்றுதான் சொல்கிறார்களாம். அதையே அச்சிடுவது என்று முடிவானது.

பிற்பகல் என் அமர்வு. அறை வாசலில் என் தலைப்பை மூன்று மொழிகளிலும் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். போகிறவர்கள் நின்று அதை வாசித்துவிட்டுப் போனார்கள். சிலர் இரண்டு தடவை வாசித்தார்கள். தலைப்பு நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே இருபது பேர் இருந்திருக்கலாம். நான் எல்லா ஊரிலும் சொல்வதைச் சொன்னேன். முதல் அத்தியாயத்தில் ஒருவர் காணாமல் போக வேண்டும். கடைசி அத்தியாயத்தில் அவர் கிடைக்க வேண்டும், உயிரோடோ பிணமாகவோ. அது எழுத்தாளன் வாசகனுக்குக் கொடுக்கிற வாக்கு.

கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவர் பின்வரிசையில் ஒரு நடுத்தர வயதுக்காரர். "உங்கட கதையள்ல பொலிஸ் வந்த உடன எல்லாருக்கும் ஆறுதலா இருக்கு. அது எப்பிடி?"

எனக்குக் கேள்வி பிடிபடவில்லை. "போலீஸ் வந்துவிட்டால் கதை முடியப் போகிறது என்று அர்த்தம்" என்றேன்.

"ஓம், இங்கயும் அப்பிடித்தான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து வாசுகி எழுந்தார். "நான் கடைசி அத்தியாயத்தைத்தான் முதல்ல வாசிக்கிறனான். ஆள் கிடைச்சிட்டார் எண்டு தெரிஞ்சால் பிறகு நிம்மதியா முதல்ல இருந்து வாசிக்கலாம்."

முடிவை ஒளித்துவைப்பதற்காக நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். சிரித்துச் சமாளித்தேன்.

"ஆனால் ஒரு கேள்வி. கடைசி அத்தியாயத்திலயும் ஆள் கிடைக்காட்டி?"

இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "கிடைக்காத ஆளைப் பற்றி எழுதினால் அது கதை இல்லை அம்மா, காவல் நிலையத்தில் கொடுக்கிற வெறும் புகார்." திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் இந்த இடத்தில் கைதட்டல் வரும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. நிமலுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள், அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். வாசுகி, "சரி, விளங்குது" என்று உட்கார்ந்துவிட்டார். யோகன் எழுந்து, "தேத்தண்ணி ரெடி, மிச்சத்தை அங்க கதைப்பம்" என்று முடித்துவைத்தார். இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

என்ன தவறாகச் சொன்னேன் என்று தெரியாமல் எரிச்சலாக இருந்தது. யோகனுக்கு இன்னும் வேலை இருந்ததால், நானே பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று கிளம்பினேன். வெள்ளவத்தைக்கு அடுத்தது தெஹிவளை என்று தெரியும். தெஹிவளைப் பக்கம் போகிற பேருந்து எது என்று கேட்டு ஏறிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கடலுக்காகக் காத்திருந்தேன். மருத்துவமனைகள் வந்தன, மேம்பாலம் வந்தது, மரங்கள் வந்தன. நடத்துநரிடம் சைகையால் அலைகளைக் காட்டினேன். அவர் எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்பதுபோல் பார்த்தார்.

பக்கத்து இருக்கையில், மடியில் துணி மூட்டையுடன் இருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் என் மேல் இரக்கப்பட்டார். "கடல் இந்தப் பக்கம் வராது சேர். இது ஊரச் சுத்திப் போற பஸ். இப்ப நுகேகொடை. எறங்கிக்கொள்ளுங்க, இல்லாட்டி இன்னும் தூரம் பெய்த்திடுவீங்க."

நுகேகொடைச் சந்தையின் முன் இறங்கி யோகனுக்குத் தொலைபேசினேன். அவர் யாரிடமோ இரவல் வாங்கிய சிறிய காரில் வந்து சேரும் வரை, அன்னாசித் துண்டுகளில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்கிறவரிடம் ஒரு பொட்டலம் வாங்கித் தின்றேன். அங்கே தங்களுக்குள் சிங்களத்தில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்த ஒரு தம்பதி, நான் தமிழில் பேசுவதைக் கேட்டு நிறுத்திவிட்டு எனக்கு வழி சொல்ல வந்தார்கள். சொல்லி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

காரில் ஏறியதும் யோகனிடம் நேராகக் கேட்டேன். "நான் என்ன தப்பாகச் சொன்னேன்?"

அவர் ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டுச் சொன்னார். "வாசுகி அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தவர். யாழ்ப்பாணத்தில இருந்து வெளிநாடு போறதுக்கெண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில நிண்டவர். சண்டைக் காலம். ஒரு நாள் காலமை லொட்ஜில இல்லை. அவ்வளவுதான். அக்கா அவரைத் தேடி வந்து, பிறகு இங்கயே வேலை எடுத்து இருந்திட்டா. அந்த லொட்ஜ் எங்கட மண்டபத்துக்கு அடுத்த தெருவிலதான். இப்ப அதில போன் கடை."

"தலைப்பைப் பார்த்ததுமே நீங்கள் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் யோசிச்சன். அக்காட்டக் கேட்டன். அவ மாத்த விடேல்லை. 'அவர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்' எண்டு சொன்னா."

அன்னாசியின் மிளகாய் நாக்கில் எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்னிப்புக் கேட்பதற்காக வாசகங்களைத் தயார் செய்துகொண்டு மாடியிறங்கினேன். வாசுகி எங்களுக்கு முன்பே வாசலில் குடையோடு நின்றார். "நேற்று நான் சொன்னது…" என்று தொடங்கினேன்.

"நீங்கள் உங்கட வேலை செய்யிற விதத்தைச் சொன்னனீங்கள். அதில என்ன" என்றார். "ஏறுங்கோ, பிந்தினால் மேசை கிடையாது."

அன்றைக்கு ரிஸ்னாவின் ஆட்டம். பலகை கிடையாது, காய்கள் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். எங்கள் மேசையில் யோகன், வாசுகி, நிமல், நான். நிமல், "எனக்கு தமிழ் டிகக் தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்தார். கொஞ்சம் என்று அர்த்தமாம். அவர் எடுத்துக்கொண்டது ஓட்டோக்காரர் பாத்திரம். யோகன் பத்திரிகையாளர், வாசுகி பக்கத்து வீட்டுப் பெண், நான் துப்பறிபவன்.

ரிஸ்னா கதையின் தொடக்கத்தைச் சொன்னார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, இருபத்துநாலு வயது. கொச்சிக்கடைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறார். ஒரு காலையில் காணவில்லை.

நான் நிமிர்ந்து யோகனைப் பார்த்தேன். யோகனின் முகமும் மாறியிருந்தது. "ரிஸ்னா, இதைக் களவு போன நகை என்று மாற்றிக்கொள்ளலாமா?" என்றேன்.

ரிஸ்னா என்னைப் பார்க்கவில்லை, வாசுகியைப் பார்த்தார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, வாசுகி இந்த மேசையில் உட்காருவார் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை போலும். "அக்கா, மாத்தவா? எனக்கி ஒரு பிரச்சினையுமில்ல."

"மாத்த வேண்டாம்" என்றார் வாசுகி. "மாத்தினால் நான் எழும்பிப் போயிடுவன்."

ஆட்டம் தொடங்கியது. என் இருபது வருட அனுபவத்தைக் காட்டும் ஆவலில், துறைமுகக் காவலாளியை அதட்டி விசாரித்தேன். கட்டையை உருட்டினேன், இரண்டு விழுந்தது. காவலாளி என்னைத் தள்ளிவிட்டதில் கால் முறிந்து, மிச்ச ஆட்டம் முழுவதும் என் துப்பறிபவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இந்த நாட்டில் எனக்குத் தரப்பட்ட பணி அவ்வளவுதான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு வாசுகிதான் நடத்தினார். நிமலின் ஓட்டோவில் ஒவ்வொரு இடமாகப் போனார். குரலை உயர்த்தவில்லை. ரிஸ்னா அதிகாரியாகப் பேசும்போது, அதிகாரி கோபப்படும் முன்பே விலகி, வாசலில் இருக்கும் பியோனிடம் போனார். எந்த இடத்தில் உட்காரச் சொல்வார்கள், எந்த இடத்தில் நிற்கவைப்பார்கள், எப்போது நாளைக்கு வா என்பார்கள் என்று ரிஸ்னா சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. லொட்ஜ்காரரிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செருப்பைப் போட்டுக்கொண்டோ போனவர்?"

ரிஸ்னா தன் தாளைப் பார்த்தார். அதில் செருப்பு பற்றி ஒன்றும் இல்லை. "ஏன் அக்கா?"

"போட்டுக்கொண்டு போனால் தானாப் போயிருக்கிறார். செருப்பு வாசல்ல கிடந்தால் வேற."

நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களில் எவ்வளவோ பேரைக் காணாமல் போக்கியிருக்கிறேன். ஒருவரின் செருப்பையும் நான் தேடவில்லை.

ரிஸ்னா கொஞ்ச நேரம் யோசித்தார். சட்டம் படித்த பெண், பொய் சொல்ல எளிதில் மனம் வரவில்லை போலும். பிறகு மெதுவாக, "போட்டுட்டுத்தான் பெய்த்திருக்கிறார்" என்றார். வாசுகி தலையசைத்தார். விசாரணை நகரத்துக்கு வடக்கே ஹெந்தளைப் பக்கம் திரும்பியது.

கடைசியில் ஓர் உருட்டு. இரண்டு கட்டைகள், ஏழுக்கு மேல் வந்தால் ஆள் கிடைப்பார், இல்லாவிட்டால் தடயம் அறுந்துபோகும். யாருடைய முறை என்று யாரும் கேட்கவில்லை. நிமல் கட்டைகளை எடுத்து வாசுகியின் பக்கம் நகர்த்தினார். "நீங்க போடுங்க."

ஐந்தும் நாலும் விழுந்தன. யோகன் மேசையைத் தட்டினார். வாசுகி கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெந்தளையில ஒரு வீடு" என்றார் ரிஸ்னா. "கேட் தொறந்தீக்கி. நீங்க கதவத் தட்டுறீங்க. தொறக்குது. அவர்தான் நிக்கிறார். என்ன செய்றீங்க அக்கா?"

"இப்ப என்ன வயசு?" என்று கேட்டார் வாசுகி.

"இருவத்திநாலுதான். போட்டோல உள்ள மாதிரியே ஈக்கிறார்."

"இல்லை. ஐம்பத்தொண்டு."

பக்கத்து மேசையில் யாரோ எதையோ வென்று ஆர்ப்பரித்தார்கள். ரிஸ்னா கையிலிருந்த தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "ஓம் அக்கா. ஐம்பத்தொண்டு."

"தலை நரைச்சிருக்கு. முன்னுக்குக் கொட்டியும் போச்சு, அப்பாவுக்கு மாதிரி. கண்ணாடி போட்டிருக்கிறான். வயிறு கொஞ்சம் வைச்சிருக்கு. என்னைக் கண்ட உடன ஆரெண்டு தெரியேல்லை அவனுக்கு. நானும் கிழவியாப் போனன்தானே."

அதுவரை குமாஸ்தாவை அவர் என்றுதான் சொல்லி வந்தார். எப்போது அவன் ஆனான் என்று நான் கவனித்தேன். தொழில் பழக்கம்.

"பஸ்ஸே?" என்றார் நிமல். பிறகு என்று அர்த்தம். அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பிறகென்ன, உள்ளுக்குக் கூப்பிட்டான். அக்கா வந்திருக்கிறா, தேத்தண்ணி போடு எண்டு ஆருக்கோ குரல் குடுத்தான். கலியாணம் கட்டியிருக்கிறான் போல." வாசுகி சிரித்தார். "எனக்குச் சொல்லாமல்."

ரிஸ்னா பென்சிலைக் கீழே வைத்தார். அடுத்த ஆட்டத்துக்கான நால்வர் மேசையருகே வந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் தாடி மந்திரவாதி. நாங்கள் எழுந்து நாற்காலிகளைக் கொடுத்தோம். நிமல் போகும்போது வாசுகிக்குக் கைகூப்பிவிட்டுப் போனார்.

மத்தியானம் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். உப்புக் கூடிவிட்டது என்று வாசுகி கடைக்காரரிடம் சிங்களத்தில் சண்டை போட்டு, புதிதாக ஒன்று போடவைத்து, அதை முழுதாகச் சாப்பிட்டார். நான் என் பங்கைப் பாதியில் வைத்துவிட்டேன். பிற்பகல் அமர்வுகள் எதிலும் என் மனம் நிற்கவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் விவசாயம் பற்றி ஒருவர் படம் போட்டு விளக்கியது மட்டும் நினைவிருக்கிறது, அங்கேயும் உரத்துக்குத் தட்டுப்பாடாம்.

திங்கட்கிழமை நான் புறப்படுகிற காலையில், வாசுகி வேலைக்குப் போகிற சேலையோடு வந்து கார் அருகே நின்றார்.

"நீங்கள் இதை எழுதுவியள்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"நீங்கள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்."

"நாவலாக்கிப் போடாதேங்கோ. நாவலெண்டால் நீங்கள் கடைசியில ஆளைக் கண்டுபிடிச்சுப் போடுவியள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ."

"பெயர்களை மாற்றிவிடட்டுமா?"

ரயில் ஒன்று போயிற்று. அது போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "என்ர பேரை மாத்துங்கோ. வங்கியில ஆக்கள் கேப்பினம். தம்பியின்ர பேரை மாத்தாதேங்கோ. ஆராவது வாசிக்கக் கூடும்."

வாசுகி என்பது நான் வைத்த பெயர். அவருடைய தம்பியின் பெயர் சிவகரன்.